பொன்னம்பலங்கள் எல்லாரும் சொந்தமா?

சேர் பொன்னம்பலம் இராமநாதன், சேர் பொன்னம்பலம் அருணாசலம், ஜீ. ஜீ. பொன்னம்பலம், குமார் பொன்னம்பலம். கடைசிச் சொல்தான் குடும்பப்பெயர் என்று பழக்கிய கணினியிடம் இந்த நால்வரையும் கொடுத்தால், பின்னிருவரையும் ஒரு குடும்பமாகச் சேர்க்கும். அது சரி, தகப்பனும் மகனும்தான். முன்னிருவர் கூடப்பிறந்தவர்கள் என்பது அதற்குத் தெரியாது.

யாழ்ப்பாண வழக்கில் தகப்பன் பெயர் முன்னுக்கு வரும். ஒரு தலைமுறையோடு போய்விடும். முன்னிருவரின் தகப்பன் பொன்னம்பல முதலியார், மானிப்பாய் அருணாசலத்தின் மகன். அவர் இராமநாதனுக்கும் மூத்த மகனுக்குத் தாய்வழிப் பாட்டனார் குமாரசுவாமியின் பெயரையும், கடைசி மகனுக்குத் தகப்பன்வழிப் பாட்டனார் அருணாசலத்தின் பெயரையும் வைத்தார். பெயர் இரு வழியாலும் திரும்பி வருகிறது. ஆளைக் குறிப்பதும் தகப்பன் பெயரல்ல, சொந்தப் பெயர்தான்: மருதனார்மடத்தில் 1913இல் தொடங்கிய கல்லூரிக்கு இராமநாதன் என்ற சொந்தப் பெயரே நிலைத்தது.

மேற்கில் குடும்பப்பெயர் ஆண்வழியில் இறங்குவதால், அதேபோலத் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும் ஒய் நிறமூர்த்தத்துக்கு (குரோமோசோம்) அது வெளி அடையாளம் ஆகிறது. 1875இல் சார்ள்ஸ் டார்வினின் மகன் ஜோர்ஜ் டார்வின் இதை வைத்தே இங்கிலாந்தில் ஒன்றுவிட்ட சகோதரங்களுக்கிடையே நடந்த திருமணங்களைக் கணக்கிட்டார். மணமகனுக்கும் மணமகளுக்கும் ஒரே குடும்பப்பெயர் இருந்தால், இரத்த உறவு இருக்க வாய்ப்புண்டு என்பது அவர் எடுகோள்.

இந்த முறை எங்களிடம் இரட்டையாகத் தோற்கும் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நிலையான குடும்பப்பெயர் இல்லாதது ஒரு காரணம். இருந்திருந்தாலும் பலனில்லை: சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் எங்களுக்குச் சகோதரங்கள், கட்டமாட்டோம். கட்டும் முறையுள்ளவர்கள் மாமா, மாமி பிள்ளைகள். ஆண்வழிப் பெயர் இருந்தால் அது இவர்களுக்குப் பெரும்பாலும் வேறாகவே இருக்கும். ஊர் நிறைய மச்சான், மச்சாள் திருமணம் நடந்தாலும் டார்வினின் கணக்கு அதைக் காட்டாது.

ஆனால் இப்போது நிலைமை மாறுகிறது. ஜீ. ஜீ.யின் சொந்தப் பெயர் மகன் குமாரிடமும் பேரன் கஜேந்திரகுமாரிடமும் கடைசிப் பெயராக நின்றுவிட்டது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் படிவத்தை நிரப்பிய எத்தனையோ வீடுகளில் இதே உறைவு நடந்திருக்கிறது. உறைந்த பெயருக்குக் குடும்பப்பெயர்கள் அழிவதைப் பற்றி ஆங்கிலேயர்களான கால்ட்டனும் வற்சனும் 1874இல் தொடக்கிவைத்த கணிதம் பொருந்தும்: பெயரைக் கொண்டுசெல்லும் பிள்ளைகள் சராசரியாக ஒருவருக்கு மேல் இல்லாவிட்டால் அது ஒருநாள் அழியும், மேலே இருந்தாலும் முதல் சில தலைமுறைகளில் தற்செயலாக அழியக்கூடும். தில்லைக் கூத்தன் ஆடும் பொன்னம்பலத்தின் பெயரை எத்தனையோ சைவ வீடுகள் தனித்தனியே வைத்ததால், நாளைய பொன்னம்பலங்களிடம் ஒரே ஒய் நிறமூர்த்தத்தை எதிர்பார்க்கவும் முடியாது.