தேதியை மட்டும்தான் மாற்றினாராம்

போன வாரமும் அதே கேஸ். ஜனவரி விற்பனை ரிப்போர்ட்டில் தொகை இடிக்கிறது என்று ஒரு டீம் வந்து நின்றது. குவரியை, அதாவது டேட்டாபேஸிடம் டேட்டா கேட்கும் எஸ்க்யூஎல் கட்டளையைத் திறந்தால், 2024-01-01, 2024-01-31 இரண்டுக்கும் நடுவே ஒரு பிட்வீன் (BETWEEN, இதிலிருந்து இதுவரை என்று கேட்பது). "டாக்குமெண்டேஷன்ல இருந்த உதாரணம்தான் சார், தேதியை மட்டும்தான் மாத்தினேன்" என்றார் அந்தத் தம்பி. அவர் மேல் தப்பே இல்லை.

பிட்வீன் இரண்டு முனைகளையும் சேர்த்துக்கொள்ளும். ஆனால் உதாரணத்தில் இருந்த ஃபீல்டு வெறும் தேதி, இவருடையது தேதியோடு நேரமும் சேர்ந்த டைம்ஸ்டாம்ப். அதில் 2024-01-31 என்றால் அன்றைய நாள் தொடங்கும் 00:00:00 மட்டும்தான். காலை 9:15-க்கு வந்த ஆர்டரும் அதற்குப் பிறகு வந்தவையும் கணக்கிலேயே இல்லை. எரரும் வராது.

டாக்குமெண்டேஷன் எழுதுபவர்களிடம் கேட்டால், "உதாரணம் சிண்டாக்ஸ் (எழுதும் முறை) காட்டத்தானே, மீதியை டெவலப்பர் பார்த்துக்கொள்வார்" என்கிறார்கள். பார்த்துக்கொள்ள மாட்டார்! அவசரத்தில் வருகிறவர் கண் நேராகக் கோட் (code) இருக்கும் பெட்டிக்குத்தான் போகும். காப்பி எடுப்பார், டேபிள் பெயரை மாற்றுவார், ஓட்டுவார். மேலே நீங்கள் பக்குவமாக எழுதிய மூன்று பத்திகளையும் அவர் படிக்கவே போவதில்லை. நீங்கள் உதாரணம் என்று நினைத்து எழுதுவதுதான் நாளை நிஜ வேலை நடக்கும் புரொடக்‌ஷனில் ஓடப்போகும் குவரி.

ஒரு பட்டியலில் இல்லாதவற்றைக் கேட்கும் நாட் இன் (NOT IN) உதாரணங்களும் இப்படித்தான். அந்தப் பட்டியலைத் தரும் உள் குவரியில் ஒரே ஒரு நல் (NULL, மதிப்பே இல்லாத இடம்) வந்தாலும் விடையாக ஒரு ரோவும் (டேபிளின் ஒரு வரிசையும்) திரும்பாது. அந்த நல்லை உதாரண டேட்டாவிலேயே போட்டுக் காட்டுங்கள். அதையே நல்லில் சிக்காமல் கேட்கும் நாட் எக்ஸிஸ்ட்ஸ் (NOT EXISTS) எதற்கு என்று அப்போதுதான் புரியும்.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸின் டுடோரியலைப் பாருங்கள். வானிலை டேபிளை உருவாக்கி, ரோக்களைச் சேர்த்து, குவரி தரும் விடையையும் அப்படியே காட்டுகிறது. நிபந்தனை இல்லாத டெலீட் மொத்த டேபிளையும் காலி செய்துவிடும், கேட்கக்கூடச் செய்யாது என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருக்கிறது. நீங்களும் ஃபீல்டின் டைப்பைச் சொல்லுங்கள், விடையைக் காட்டுங்கள். வேர் (WHERE) நிபந்தனை இல்லாத அப்டேட்டைத் தனியாக விட்டுவைக்காதீர்கள். யூசர் தரும் மதிப்பைக் குவரியின் எழுத்துக்குள்ளேயே ஒட்டும் உதாரணம் வேண்டவே வேண்டாம், மதிப்பைத் தனியாக அனுப்பும் பாராமீட்டர் வைத்தே எழுதுங்கள்.

காப்பி எடுப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அப்டேட்டோ டெலீட்டோ ஓட்டும் முன் அதே வேர் நிபந்தனையோடு ஒரு செலக்ட் (ரோக்களை எடுத்துக் காட்டும் குவரி) போட்டு, எத்தனை ரோ வருகிறது என்று பாருங்கள். தயவுசெய்து.

எங்கள் டாக்குமெண்டேஷன் பக்கத்தில் பிட்வீனை எடுத்துவிட்டோம். இப்போது ஜனவரி 1 அல்லது அதற்குப் பின், பிப்ரவரி 1-க்கு முன். உதாரண டேட்டாவில் 31-ஆம் தேதி இரவு 11:40 ஆர்டர் ஒன்றையும் சேர்த்திருக்கிறோம்.