ஆல்டோ மேட்டில் இழுக்கவில்லையா? முதலில் சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரே புகார்தான். "அண்ணா, வண்டி மேட்டுல இழுக்கவே மாட்டேங்குதுங்க." கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஊட்டி கூப்பிடு தூரம். சின்ன கார் வைத்திருப்பவர்களும் வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒருமுறை போய்வரத்தான் ஆசைப்படுவார்கள். குன்னூர் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் வரும்போதுதான் இன்ஜினின் நிஜ நிலைமை தெரியும்.

போன வருடம் மே மாதம் ஒரு பள்ளி ஆசிரியர் ஆல்டோ 800 கொண்டுவந்தார். பத்து வருடம் ஓடிய வண்டி. கூட வந்த மகன் கையில் ஒரு பட்டியல்: கூம்பு வடிவ ஏர் ஃபில்டர், பெரிய வாய் சைலன்சர், பவர் சிப், 13 அங்குல அலாய் வீல். மொத்தம் 18,000 ரூபாய் ஆகும் என்று விசாரித்தே வந்திருந்தான். "இதெல்லாம் அப்புறம் பாக்கலாம் தம்பி, முதல்ல ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம்" என்றேன்.

ஆறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். மூன்று சாதாரணமாக இருந்தன. இடது பின்சக்கரத்தில் தோசைக்கல் மாதிரி அனல் அடித்தது. ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து, கைப்பிடியை இறக்கினாலும் பிரேக் முழுதாக விடவில்லை. எத்தனை மாதமாக அப்படி ஓடியதோ! வண்டி ஒரு காலில் சங்கிலியோடு மலை ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. அதில் பவர் சிப் போட்டு என்ன செய்ய?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆல்டோ 800இன் இன்ஜின் 796 சிசி, மூன்று சிலிண்டர், ஏறக்குறைய 48 குதிரைத்திறன். வெறும் வண்டியின் எடை சுமார் 700 கிலோ. ஐந்து பேர் உட்கார்ந்து டிக்கியில் பைகளையும் அடுக்கினால் இன்னும் 350 கிலோ, அதாவது வண்டி எடையில் பாதி. இன்னொன்று, உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும். டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி, இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சுமார் பத்து சதவீத சக்தியை இழக்கும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். அங்கே போய்ச் சேரும்போது உங்கள் 48 குதிரைகளில் 38தான் மிஞ்சியிருக்கும். ஏசி ஓடினால் அது மூன்று, நான்கைத் தின்னும். இதில் திருட்டுப்போக விடுவதற்கு ஒரு குதிரைகூடக் கிடையாது. பெரிய வண்டியில் ஐந்து குதிரை காணாமல் போனால் ஓட்டுபவருக்குத் தெரியாது. ஆல்டோவில் தெரியும்.

அந்த வண்டியில் வேறென்ன இருந்தது? டயர்களில் 22 பவுண்டு காற்றுதான், தேவையைவிடக் குறைவு. ஓட்டுநர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் எவ்வளவு வேண்டும் என்று கம்பெனியே எழுதியிருக்கிறது. ஒருவரும் படிப்பதில்லை. ஏர் ஃபில்டரைத் திறந்தால் செம்மண்ணும் காய்ந்த வேப்பிலையும். ஸ்பார்க் பிளக்குகள் தேய்ந்து இடைவெளி விரிந்திருந்தன. நான்கு சிலிண்டர் வண்டியில் ஒரு பிளக் படுத்தால் கால்வாசி போகும், மூன்று சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கே போய்விடும். அதனால் சின்ன வண்டிக்குப் பிளக்கில் கஞ்சத்தனம் கூடாது. 800 சிசி வண்டியில் டேப்பெட் செட்டிங்கும், அதாவது வால்வு இடைவெளியும், பார்க்கச் சொல்லுங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

நான் எதிர்பார்க்காமல் மாட்டியது இன்னொன்று: வண்டியில் தெர்மோஸ்டாட்டே இல்லை. யாரோ கழற்றிவிட்டிருக்கிறார்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் தொழில்காரர்கள் செய்யும் தப்பு இது. "வெக்கை ஊருக்கு இது எதுக்குங்க, எடுத்துட்டா இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும்" என்று சொல்லிக் கழற்றிவிடுவார்கள். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். தெர்மோஸ்டாட் என்பது கூலன்ட் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும் வழியில் இருக்கும் கதவு. இன்ஜின் சூடாகும்வரை மூடியிருக்கும், 80 டிகிரி தாண்டியதும் திறக்கும். கதவே இல்லையென்றால் இன்ஜின் தன் சூட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும், நெடுஞ்சாலையில் ஓடும்போது சூடு மறுபடி இறங்கும். இன்ஜினை நிர்வகிக்கும் கம்ப்யூட்டரோ சென்சார் சொல்வதைத்தான் நம்பும். இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து, காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு ஊற்றுவதுபோல அதிகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். பிளக் கறுக்கும், மைலேஜ் விழும், இழுவை மந்தமாகும். வண்டிக்காரர் இதையெல்லாம் வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். சில நூறு ரூபாய்ப் பொருள். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

சரி, மகனின் பட்டியலுக்கு வருவோம். கூம்பு ஃபில்டரைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு, நானே மாட்டிக் கெட்டவன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மாருதி 800க்கு, வாடிக்கையாளர் கேட்டார் என்று பொருத்தினேன். உறிஞ்சும் சத்தம் கூடியது. சத்தம் கூடினால் வேகமும் கூடியதுபோல இருக்கும், அவருக்கு ஏக சந்தோஷம். ஒரு வாரம் கழித்து அதே மேட்டில் பழைய ஃபில்டர் பெட்டியை மாட்டி ஓட்டிப் பார்த்தோம். பழையதே தேவலை. கம்பெனி பெட்டி வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கிறது. கூம்பு ஃபில்டர் பானெட்டுக்குள் இன்ஜின் விடும் அனலையே திருப்பி உறிஞ்சுகிறது. சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு. சக்தி எங்கிருந்து வரும்?

ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகும் பவர் சிப்பில் ஒன்றைப் பிரித்தே பார்த்திருக்கிறேன். மினுக்கும் விளக்குகளும் அவற்றை மினுக்க ஒரு சில்லும்தான். பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தமும் அதே ஜாதி. கம்ப்யூட்டர் புரோகிராமையே மாற்றி எழுதும் ரீமேப் பொய்யில்லை, ஆனால் அது டர்போ வண்டிக்குச் சரிப்படும். டர்போ இல்லாத 800 சிசியில் கிடைப்பது செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. விலை கூடிய உயர் ஆக்டேன் பெட்ரோலும் அப்படியே. சாதாரணப் பெட்ரோலுக்காக வடிவமைத்த இன்ஜினுக்கு அதனால் இழுவை கூடாது.

அலாய் வீல் விஷயத்தில் பையன் விடவில்லை, பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். கம்பெனி டயர் 145/80 ஆர் 12, விட்டம் 537 மில்லிமீட்டர். அவன் கேட்டது 165/70 ஆர் 13, விட்டம் 561. சக்கரம் நாலரை சதவீதம் பெரிதானால் எல்லா கியரும் நாலரை சதவீதம் கனமானது மாதிரி. இழுக்கவில்லை என்று வந்த வண்டியை இன்னும் இழுக்காமல் செய்யும் வழி அது. ஸ்பீடாமீட்டரும் குறைத்துக் காட்டும். முறையான அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் இதைத்தான் முதலில் கிளறுவார்.

கேபிள், பிளக், ஃபில்டர், தெர்மோஸ்டாட், கூலி எல்லாம் சேர்த்து பில் 5,000 ரூபாயைத் தாண்டவில்லை. ஆனால் பாதி வேலைதான் முடிந்திருந்தது. மீதி ஆசிரியரின் வலது காலிலும் இடது கையிலும் இருந்தது.

அவர் 40 கிலோமீட்டர் வேகத்திலேயே நான்காவது கியர் போட்டு ஓட்டுகிறார். பெட்ரோல் மிச்சமாகும் என்று யாரோ சொன்னார்களாம். சமதளத்தில் சரி. மேட்டில் அதே கியரில் ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தால் இன்ஜின் முனகும், நகராது. இந்த இன்ஜின் முழு முறுக்குவிசையைத் தருவது நிமிடத்துக்கு 3500 சுற்றில், முழுச் சக்தி 6000இல். அவர் ஓட்டும் விதத்தில் அது 2000ஐக்கூடத் தொடவில்லை. பல ஆல்டோக்களில் சுற்று காட்டும் முள் கிடையாது, காதுதான் முள். மேடு தொடங்குவதற்கு முன்பே மூன்றுக்கோ இரண்டுக்கோ இறக்கிவிடுங்கள். வண்டி சோர்ந்த பிறகு இறக்கினால் இருந்த வேகமும் போயிருக்கும். கொண்டை ஊசியில் தயங்காமல் முதல் கியர். இன்ஜின் சத்தம் போட்டால் பயப்படவேண்டாம், மேட்டில் அது கத்தினால் பரவாயில்லை, முனகினால்தான் அதற்குக் கெடுதல். கிளட்சில் காலை ஊன்றிக்கொண்டே ஏறாதீர்கள். கருகல் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். ஆக்ஸிலேட்டர் மிதித்ததும் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்தது, மலைக்குப் போகும் முன்பே மாற்றவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குன்னூரிலிருந்து போன் பண்ணினார். ஐந்து பேரோடு ஏறிவிட்டதாம், பர்லியாறு தாண்டியதும் ஏசியை அணைத்துவிட்டாராம். "பையன் இன்னும் சைலன்சரைப் பத்திப் பேசறானுங்க" என்று சிரித்தார். இறங்கும்போது என்ன செய்யப்போகிறார் என்று கேட்டேன். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம்தானே என்றார். ஏறின கியரிலேயே இறங்குங்க சார், நியூட்ரல் போட்டு வெறும் பிரேக்கை நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போயிடும், கியரில் விட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இந்த இன்ஜின் பெட்ரோலே குடிக்காது என்றேன். ராத்திரி ஒன்பதரைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து இன்னொரு போன் வந்தது. நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டாராம்.