ரிசார்ட்டில் மைதானம் மாறினால் பந்து ஏன் வேறு மாதிரி ஓடுகிறது?

பல மைதானங்கள் உள்ள கோல்ஃப் ரிசார்ட்டில் இரண்டு மூன்று நாள் தங்கி விளையாடப் போகிறவர்கள், ஒவ்வொரு மைதானத்தின் நீளத்தையும், பங்கர்கள் எனப்படும் மணல் பள்ளங்களையும் பற்றித்தான் முதலில் விசாரிப்பார்கள். ஸ்கோர் கெடுவது பெரும்பாலும் அங்கே இல்லை. தொலைவுக்கு அடிக்கும் மட்டையான டிரைவரில் அடித்த பந்து, காற்று ஒரே மாதிரி இருந்தால், எல்லா மைதானத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பறக்கும். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் உருளத் தொடங்கிய பிறகுதான் வேறுபாடு தெரியும். காலையில் கைக்குப் பழகிய வீச்சு, மதியம் பக்கத்து மைதானத்தில் பந்தைக் குழிக்கு அப்பால் ஆறடி கொண்டுபோய் விடும். இதற்குக் காரணம் புல்லின் வகை, வெட்டிய உயரம், தரையின் சரிவு, அடியில் உள்ள மணல், அந்த மணலில் நிற்கும் ஈரம் ஆகியவைதான். ஒவ்வொரு மைதானத்திலும் இவை வேறு கணக்கில் சேர்ந்திருக்கும்.

கிரீனின் வேகத்தை அளக்கும் கருவிக்கு ஸ்டிம்ப்மீட்டர் என்று பெயர். 1935-ல் ஓக்மான்ட் மைதானத்தில் நடந்த யு.எஸ். ஓப்பனைப் பார்த்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன், அங்கே கிரீன்கள் அளவுக்கு மீறி வேகமாக இருந்ததை எண்ணால் காட்ட வேண்டும் என்று மரத்தில் செய்தது அது. 1970-களில் அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ. அதை அலுமினியத்துக்கு மாற்றி மைதானங்களுக்குக் கொடுத்தது. 36 அங்குல நீளக் கம்பி, அதன் நெடுக 'வி' வடிவப் பள்ளம், தரையில் ஊன்றும் முனையிலிருந்து 30 அங்குலத்தில் ஒரு சிறு வெட்டு. அவ்வளவுதான். பந்தை வெட்டில் வைத்து மறுமுனையை மெல்ல உயர்த்தினால், சுமார் 20 டிகிரி சாய்ந்ததும் பந்து தானாக விடுபட்டு இறங்கும். யார் தூக்கினாலும் அது தரைக்கு வரும்போது வேகம் நொடிக்கு 6 அடியை ஒட்டியே இருக்கும். மூன்று பந்துகளை ஒரு திசையில் விட வேண்டும். அவை ஒன்றுக்கொன்று 8 அங்குலத்துக்குள் நின்றால்தான் அளவு செல்லும். பிறகு அவை நின்ற இடத்திலிருந்து எதிர்த்திசையில் மூன்று. சராசரியாக எத்தனை அடி ஓடியதோ, அதுவே ஸ்டிம்ப் எண். 8 என்றால் மெதுவான கிரீன், 10 என்றால் நல்ல ஓட்டம், 13 என்றால் பெரிய போட்டிகளின் வேகம்.

முழுக்கத் தட்டையான இடம் கிடைக்காதபோது ஒரு பிழை எளிதில் நேரும். ஒரு திசையில் 14 அடி, எதிர்த்திசையில் 8 அடி ஓடினால் சராசரி 11 என்று எழுதிவிடுவார்கள். ஏறும் பந்திடம் சரிவு பிடுங்கிக்கொள்ளும் தூரத்தைவிட, இறங்கும் பந்துக்கு அது கொடுக்கும் தூரம் அதிகம். அதனால் சாதாரணச் சராசரி எப்போதும் கூடுதலாகவே காட்டும். இரண்டு அளவுகளையும் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுப்பதுதான் சரி: 2 × 14 × 8 ÷ 22. விடை 10.2. அந்த கிரீனின் உண்மை வேகம் அதுதான்.

இந்த ஏற்றத்தாழ்வுதான் கிரீன்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் முதன்மையானது என்பேன். உருளும் பந்தைப் புல் தொடர்ந்து ஒரே அளவில் இழுத்துப் பிடிக்கிறது. சரிவு இருந்தால் புவியீர்ப்பின் ஒரு பங்கு அந்தப் பிடியோடு சேரும் அல்லது அதிலிருந்து கழியும். 100 அடிக்கு 2 அடி இறங்கும் சரிவை, அதாவது 2 சதவீதத்தை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது ஏறக்குறையத் தட்டையாகவே தெரியும். ஸ்டிம்ப் 10 கிரீனில், தட்டையில் 10 அடி ஓடும் பந்து, அதே வேகத்தில் தட்டினால், இந்தச் சரிவில் மேலே 8 அடியும் கீழே 13.4 அடியும் ஓடும். ஸ்டிம்ப் 13-ல் அதே வேகத்தில் தட்டிய பந்து மேலே 9.8 அடி, கீழே 19.5 அடி. புல்லின் பிடி குறையக் குறைய, அதே சரிவின் கை ஓங்குகிறது.

சரிவு இன்னும் கூடினால், புல்லின் பிடியும் புவியீர்ப்பின் இழுப்பும் சமமாகும் ஓர் எல்லை வரும். அதற்கு மேல் பந்து நிற்கவே நிற்காது. ஸ்டிம்ப் 8-ல் அந்த எல்லை சுமார் 9.8 சதவீதம். ஸ்டிம்ப் 10-ல் 7.8. ஸ்டிம்ப் 13-ல் 6. எட்டில் ஒழுங்காக ஆடக்கூடிய ஒரு மேடு, பதின்மூன்றில் பந்தை கிரீனுக்கு வெளியே தள்ளிவிடும். 2004 யு.எஸ். ஓப்பனின் கடைசி நாளில் ஷின்னகாக் ஹில்ஸ் மைதானத்தின் ஏழாவது கிரீன் இப்படித்தான் கைமீறியது. காய்ந்து வேகம் கூடிப்போன அந்தச் சரிந்த கிரீனில் பந்துகள் நிற்காமல் உருண்டதால், ஆட்டத்தின் நடுவே தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று.

புல் இன்று போல ஒட்ட வெட்டப்படாத காலத்தில் வடிவமைத்த கிரீன்களில் பெரிய மேடு பள்ளங்கள் இருக்கும். அவற்றை ஸ்டிம்ப் 12 வேகத்துக்குக் கொண்டுவந்தால் குழி வெட்ட இடமே இல்லாமல் போகும். ஆகவே ஒரே ரிசார்ட்டில் பழைய மைதானம் 9.5-லும் புதியது 11-லும் ஓடினால், பராமரிப்பில் குறை என்று நினைக்க வேண்டாம். சரிவுக்கு ஏற்ற வேகம் அது. வேகமான கிரீன்தான் நல்ல கிரீன் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. என் மதிப்பில் அது கிரீன்களுக்குப் பெரும் கேடு செய்கிறது.

காற்றும் இந்தக் கணக்கில் சேரும். கடற்கரை மைதானங்களில் கிரீனை மிக வேகமாக வைத்தால் நின்ற பந்தையே காற்று நகர்த்திவிடும். 2015-ல் செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்டு கோர்ஸில் நடந்த ஓப்பன் போட்டி, பந்துகள் கிரீனில் நிலைகொள்ளாததால் சனிக்கிழமை பல மணி நேரம் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையிலுள்ள பேண்டன் டியூன்ஸ் ரிசார்ட்டில் 1999 முதல் 2020 வரை ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து பதினெட்டுக் குழி மைதானங்கள் திறக்கப்பட்டன. கடல் விளிம்பில் ஓடும் பசிபிக் டியூன்ஸும் காட்டுக்குள் நுழையும் பேண்டன் டிரெயில்ஸும் அதே ரிசார்ட்டில் உள்ளவைதான். ஆனால் கிரீனுக்குக் கிடைக்கும் காற்று, வெயில், நிழல் ஒன்றல்ல.

அடுத்தது புல். குளிர்ப் பகுதிகளில் பென்ட் புல், குளிர்ந்த கடற்கரை மணலில் ஃபெஸ்க்யூ, வெப்பப் பகுதிகளில் அருகம்புல் இனத்தைச் சேர்ந்த பெர்முடா, உப்புத் தண்ணீர் பாயும் வெப்பக் கடற்கரைகளில் பாஸ்பேலம். வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் ரிசார்ட்டில் 2014-ல் ஆண்கள், பெண்கள் யு.எஸ். ஓப்பன் இரண்டும் அடுத்தடுத்த வாரங்களில் நம்பர் 2 மைதானத்தில் முடிந்ததும், அதன் கிரீன்களை பென்ட் புல்லிலிருந்து சாம்பியன் என்ற குட்டை ரக பெர்முடாவுக்கு மாற்றினார்கள். பென்ட் புல் கோடை வெப்பத்தில் சுருளும். பெர்முடா அந்த வெப்பத்தில்தான் செழிக்கும்.

பெர்முடாவில் ஆடும்போது புல்லின் சாய்வைக் கவனிக்க வேண்டும். இலைகள் ஒரு திசையில் படுத்து வளரும். பந்துக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது கிரீன் பளபளவென்று வெளிறித் தெரிந்தால் இலைகள் உங்களிடமிருந்து விலகிச் சாய்ந்திருக்கின்றன, பந்து விரைவாக ஓடும். கரும்பச்சையாக, மங்கலாகத் தெரிந்தால் எதிர்ச்சாய்வு. ஐயம் இருந்தால் குழியின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் கூராக இருக்கும். எதிர்ப்பக்கம் நைந்து, பழுப்பேறி இருக்கும். வேர் அறுபட்ட இலைகள் காய்ந்துபோன பக்கம் அது. புல் அந்தப் பக்கம் நோக்கித்தான் சாய்ந்திருக்கிறது. நண்பகலுக்குப் பிறகு விளிம்பு நன்றாக நைந்திருக்கும் என்பதால் அப்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

வெட்டும் உயரம் பொதுவாக 2.5 முதல் 3.2 மில்லிமீட்டர். உருளை பிளேடு சுற்றி, கீழே நிலையாக இருக்கும் கத்தியோடு உரசி, கத்தரிக்கோல்போல் வெட்டும். கத்தி மழுங்கினால் இலை கிழியும், நுனி வெளுக்கும், ஓட்டம் குறையும். வெட்டிய பின் உருளை ஓட்டினால் உயரத்தைக் குறைக்காமலே வேகம் ஏறும்.

இனி தரைக்கு அடியில். 1960-ல் முதன்முதலில் வெளியான யு.எஸ்.ஜி.ஏ. பரிந்துரைப்படி கட்டிய கிரீனில் மேலே 12 அங்குல மணல் கலவை, அதன் கீழே 4 அங்குலச் சரளை, சரளைக்கு அடியில் அதிகபட்சம் 15 அடிக்கு ஒன்றாக 4 அங்குல வடிகுழாய்கள். மணலில் குறைந்தது 60 சதவீதம் 0.25 முதல் 1 மில்லிமீட்டர் வரையுள்ள துகள்களாக இருக்க வேண்டும். மணலில் இறங்கும் தண்ணீர் சரளையைத் தொட்டதும் கடகடவென்று வடிந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி நடப்பதில்லை. நுண்ணிய மணலின் இடுக்குகள் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. சரளையின் பெரிய இடைவெளிகளுக்கு அந்த இழுவிசை இல்லை. எனவே மணலின் அடிப்பகுதி ஏறக்குறைய நிறைந்து, மேலிருக்கும் தண்ணீரின் அழுத்தம் அந்தப் பிடியை வெல்லும்வரை தண்ணீர் அங்கேயே தொங்கி நிற்கும். நனைத்த பஞ்சைத் தட்டையாகப் பிடித்தால் சொட்டுவது நிற்கும், செங்குத்தாக நிறுத்தினால் மறுபடி சொட்டும். உயரம் கூடியதால் அழுத்தம் கூடியதுதான் காரணம். கன மழையில் கூடுதல் நீர் விரைவாக வடியவும், வறண்ட நாளில் வேருக்கு அடியில் கொஞ்சம் ஈரம் மிஞ்சவும் இந்த ஏற்பாடு உதவுகிறது.

இதில் தவறு நேர்வது மணலின் ஆழத்தில். எல்லா இடத்திலும் 12 அங்குலம் இருக்க வேண்டியது, கட்டும்போது ஓரிடத்தில் 8 ஆகிவிட்டால் தொங்கும் நீர் மேற்பரப்புக்கு அருகில் வந்துவிடும். அந்த இடம் எப்போதும் சொதசொதவென்று இருக்கும், விழும் பந்து ஆழமாகக் குழிக்கும், ஓட்டம் குறையும். மேட்டில் 16 ஆகிவிட்டால் அது முதலில் காயும், வேகம் கூடும். ஒரே கிரீனுக்குள் இரண்டு வேகம் இருப்பதாகத் தோன்றினால், பெரும்பாலும் ஈரம்தான் காரணம்.

வயதாக ஆக, மேல் ஓரிரு அங்குலத்தில் செத்த வேர்களும் தண்டுகளும் சேர்ந்து தண்ணீரை இறங்கவிடாமல் தடுக்கும். அதைக் குறைக்கத்தான் கிரீனில் துளை போட்டு மண்ணை எடுத்து மணல் நிரப்புகிறார்கள். அரை அங்குலக் குழல்களை இரண்டு அங்குல இடைவெளியில் இறக்கினால், ஒரு முறையில் மேற்பரப்பில் சுமார் 5 சதவீதம்தான் மாறும். ஆகவே மீண்டும் மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். பந்து துள்ளாமல் ஓட இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். பல மைதானங்கள் உள்ள ரிசார்ட்டுகளில் இதை ஒரே நேரத்தில் செய்யாமல், மைதானத்துக்கு மைதானம் தள்ளிச் செய்வார்கள். அறை பதிவு செய்வதற்கு முன் "எந்த மைதானத்துக்கு எந்த வாரம் துளை போடுகிறீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். வானிலையைக் கேட்பதைவிட இது பயனுள்ள கேள்வி.

மைதானத்துக்குப் போனதும் வேகத்தை நீங்களே பத்து நிமிடத்தில் அளந்துவிடலாம். அந்த மைதானத்துக்கே உரிய பயிற்சி கிரீனில் கூடியவரை தட்டையான இடத்தைத் தேடுங்கள். கிரீனில் பந்தைத் தட்டும் மட்டையான பட்டரைப் பின்கால் பெருவிரல்வரை பின்னிழுத்து, வழக்கமான தாளத்தில் மூன்று பந்துகளைத் தட்டுங்கள். குழியை நோக்கி அடிக்கக் கூடாது, இலக்கு இருந்தால் கை தானாகவே வீச்சைத் திருத்திவிடும். பந்துகள் நின்ற இடத்துக்குப் போய் எதிர்த்திசையில் அதே மூன்று. அடிகளை எண்ணி, மேலே சொன்ன பெருக்கல் கணக்கைப் போடுங்கள். உங்கள் வழக்கமான கிரீனில் இதே வீச்சு எத்தனை தூரம் போகும் என்று முன்பே தெரிந்திருந்தால், இரண்டின் விகிதமே அன்றைய திருத்தம். பயிற்சி கிரீன் நிழலில் இருந்தாலோ, பனி உலராமல் இருந்தாலோ உள்ளே வேகம் கூடுதலாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழியின் அளவு எங்கும் ஒன்றுதான்: விட்டம் 4.25 அங்குலம். நடுவே நேராக வரும் பந்து நொடிக்கு சுமார் 1.63 மீட்டர் வேகம்வரை உள்ளே விழும் என்று 1991-ல் இயற்பியலாளர் பிரையன் ஹோம்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். அந்த எல்லை வேகத்தில் குழியைத் தவறவிட்ட பந்து, தட்டையான ஸ்டிம்ப் 10-ல் எட்டடி தாண்டி நிற்கும், 13-ல் பத்தடிக்கும் மேல். வேகமான மைதானத்தில் துணிந்து அடிப்பதற்குக் குழி எந்தச் சலுகையும் தருவதில்லை, தவறினால் திரும்பி வரும் தூரம் மட்டும் நீள்கிறது.

புது மைதானத்தின் முதல் சில கிரீன்களில், வேகம் கைக்குப் பிடிபடும்வரை, பந்தைக் குழிக்குக் கீழ்ச்சரிவில் நிறுத்தப் பாருங்கள். வேகத்தை 10 என்று நினைத்து ஆடும் கிரீன் உண்மையில் 13 என்றால், மேலே சொன்ன 2 சதவீதச் சரிவில் ஏறும் பந்து 8 அடிக்குப் பதில் 9.8 அடி போகும், பிழை இரண்டடிக்கும் குறைவு. அதே தவறான கணிப்போடு மேலிருந்து இறங்கும் பந்து 13.4 அடிக்குப் பதில் 19.5 அடி ஓடி, ஆறடி தாண்டியிருக்கும்.