கண் தாவும் வேகத்தை எப்படி அளக்கிறார்கள்?

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வெளியே பார்ப்பவரின் கண்களைக் கவனியுங்கள், அவருக்குத் தெரியாமல்தான். ஒரு கம்பத்தோடு கூடவே கண் மெல்ல நகரும். அப்புறம் வெடுக்கென்று எதிர்ப்பக்கம் தாவி அடுத்த கம்பத்தைப் பிடிக்கும். புத்தகம் படிக்கும்போதும், எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கும்போதும் இதே மாதிரி தாவல்கள்தான். இவற்றுக்கு சக்கேட் என்று பெயர். நொடிக்குச் சுமார் மூன்று நடக்கும். விழித்திரையின் நடுவில் ஒரு சின்ன இடம் மட்டுமே கூர்மையாகப் பார்ப்பதால், கண் இப்படித் தாவித் தாவித்தான் பார்த்தாக வேண்டும்.

10 டிகிரி தாவல் 40, 45 மில்லிநொடிக்குள் முடிந்துவிடும். உச்ச வேகம் நொடிக்கு 300 டிகிரியைத் தாண்டும். நொடிக்கு 30 படம் எடுக்கும் கைபேசியில் இதைப் பதிந்தால், கண் முதலில் இங்கே இருந்தது, பிறகு அங்கே இருந்தது என்பது தெரியும். இடையில் நடந்தது ஏறக்குறைய எதுவும் தெரியாது. ஆய்வகக் கேமராக்கள் நொடிக்கு 500, 1,000 படம் என்று எடுப்பது இதற்காகத்தான்.

அந்தக் கேமரா அகச்சிவப்பு ஒளியில் பார்க்கும். நமக்கு இது ரொம்பவே வசதி. சாதாரண வெளிச்சத்தில் நம் அடர் பழுப்புக் கண்ணில், நடுவிலுள்ள கண்பாப்பா எங்கே முடிகிறது என்று சொல்வது கடினம். அகச்சிவப்பில் பழுப்புப் பகுதி வெளிறிப்போய், பாப்பா மட்டும் கறுப்பு வட்டமாகத் தனித்து நிற்கும். கண்ணின் முன்பரப்பில் விளக்கின் பிரதிபலிப்பு ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். கண் திரும்பினால் வட்டத்துக்கும் புள்ளிக்கும் உள்ள இடைவெளி மாறும். தலை லேசாக நகர்ந்தால் இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே நகரும். அந்த இடைவெளியைத்தான் மென்பொருள் கோணமாக மாற்றுகிறது. கோணம் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறதோ அதுதான் வேகம். கண்ணில் மை தீட்டியிருந்தால் அதையும் பாப்பா என்று எண்ணி மென்பொருள் குழம்பலாம். துடைத்துவிட்டு வரச் சொல்வார்கள்.

மின்வாய் முறை, அதாவது மின்சாரத்தை உணரும் சிறு முனைகளைத் தோலில் ஒட்டி அளப்பது, வேறு வகை. கண் ஒரு சின்ன பேட்டரி மாதிரி: முன்பக்கம் நேர்மின், பின்பக்கம் எதிர்மின். இரு கண்களின் வெளி ஓரங்களிலும் ஒவ்வொரு மின்வாயை ஒட்டினால், கண் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்து மின்வாய் நேர்மின்னாகும். ஒரு டிகிரிக்குக் கிடைப்பது 15, 20 மைக்ரோவோல்ட் மட்டுமே. அதற்குள் தாடைத் தசையின் சலசலப்பும், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் புகுந்துகொள்ளும். இரைச்சலை வடிகட்டலாம்தான். ஆனால் தாவலே சில பத்து மில்லிநொடிதான் என்பதால், வடிகட்டியை இறுக்கினால் உச்ச வேகமும் சேர்ந்து மழுங்கிவிடும். கண் இயல்பாகவே இருக்கும், வரைபடம் மட்டும் மந்தமாகக் காட்டும். சென்னை வெயிலில் வந்தவருக்கு வியர்வை வேறு: கோடு தானாகவே மெல்ல ஏறி இறங்கும். ஏசி அறையில் கொஞ்ச நேரம் உட்காரவைத்து, தோலைத் துடைத்து ஒட்டினால் ஓரளவு அடங்கும்.

மேல்-கீழ் அசைவில் மின்வாயை நான் நம்பமாட்டேன். இமை அசைந்தாலே பெரிய அலை எழும்பி, சிமிட்டல் தாவல் போலத் தெரியும். மூளைத்தண்டைப் பாதிக்கும் பிஎஸ்பி (ப்ரோக்ரசிவ் சுப்ராநியூக்ளியர் பால்சி) போன்ற நோயில் முதலில் மந்தமாவது பெரும்பாலும் மேல்-கீழ் தாவல்கள்தான். அங்கே கேமராதான் சரி.

ஆனால் மூடிய கண்ணைக் கேமரா என்ன செய்யும்? தூக்கத்தில் கண் படபடவென்று அசையும் கட்டத்தை 1953-இல் தூக்க ஆய்வாளர்கள் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் அறிவித்தது மின்வாய்ப் பதிவை வைத்துத்தான். தூக்க ஆய்வகங்களில் இன்றும் ஒரு மின்வாயைக் கண்ணோரத்துக்குச் சற்று மேலேயும், மற்றதை அடுத்த கண்ணோரத்துக்குச் சற்றுக் கீழேயும் ஒட்டுகிறார்கள். இரு கண்களும் சேர்ந்து அசைந்தால் இரண்டு கோடுகளும் எதிரெதிராக விலகும். மூளை அலை கசிந்து வந்தால் பெரும்பாலும் ஒரே பக்கம் போகும்.