இலவச மாத்திரையிலிருந்து உடலுக்குள் எவ்வளவு இரும்பு போகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இது நான்காவது மாதம். கணவர் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைப் பொட்டலத்தையும், மருந்துக்கடையில் நூற்றைம்பது வெள்ளிக்கு மேல் விலை ஒட்டியிருந்த ஒரு சத்து மாத்திரைப் புட்டியின் படத்தையும் என்னிடம் காட்டி, “சும்மா கொடுக்கிற மாத்திரையில் சத்து இருக்குமா அக்கா? கடன் வாங்கியாவது இதை வாங்கிவிடட்டுமா?” என்று கேட்டாள்.

சுகாதார அமைச்சுகள் போடுகின்ற கணக்கும் இதுவேதான். செலவிட்ட பணத்துக்கு எத்தனை ஆண்டு ஆரோக்கிய வாழ்வு கிடைத்தது என்று பொருளியலாளர்கள் வகுத்துப் பார்க்கிறார்கள். இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் அந்தக் கணக்கில் நன்றாகத் தேறுகின்றன. மாத்திரையின் விலை மிகக் குறைவு, அதைக் கொடுக்கத் தாதியும் பரிசோதனை நாளும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் விழுங்கிய இரும்பு வேறு, இரத்தத்தில் சேர்ந்த இரும்பு வேறு.

ஒரு கர்ப்பகாலம் முழுமைக்கும் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பையும் 0.4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலத்தையும் பரிந்துரைக்கிறது. அவள் பொட்டலத்தில் இருந்ததைப் போன்ற, ஃபெரஸ் ஃபியூமரேட் என்னும் இரும்பு உப்பு 200 மில்லிகிராம் உள்ள மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 65 மில்லிகிராம் இரும்பு உண்டு. அவள் கொண்டுவந்த படத்தைப் பெரிதாக்கிச் சிறிய எழுத்துகளைப் படித்தோம்: வைட்டமின்களின் பட்டியல் நீளமாக இருந்தது, இரும்போ கிளினிக் மாத்திரையில் இருப்பதில் பாதிகூட இல்லை.

நம் உடலுக்கு அதிகப்படியான இரும்பை வெளியேற்றும் வழி எதுவும் கிடையாது. அதனால் உள்ளே விடும் இடத்திலேயே காவல் போட்டிருக்கிறது. மாத்திரையிலிருந்து கரையும் இரும்பைச் சிறுகுடலின் உட்சுவர் செல்கள் எளிதாக வாங்கிக்கொள்கின்றன. ஆனால் அந்தச் செல்லிலிருந்து இரத்தத்துக்குள் செல்ல ஃபெர்ரோபோர்ட்டின் என்னும் ஒரே ஒரு கதவுதான் இருக்கிறது. இரும்பு போதும் என்று தோன்றியதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற, வெறும் 25 அமினோ அமிலங்களால் ஆன ஒரு சிறு ஹார்மோனை அனுப்புகிறது. அது போய் அந்தக் கதவில் ஒட்டிக்கொண்டவுடன், செல் கதவையே உள்ளிழுத்துச் சிதைத்துவிடுகிறது. அப்போது இரும்பு செல்லுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. சில நாளில் அந்தச் செல் உதிரும்போது இரும்பும் மலத்தோடு போய்விடுகிறது. எத்தனை முறை படித்தாலும் இந்த ஏற்பாடு எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

60 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு விழுங்கினால் ஹெப்சிடின் உயர்ந்து, மறுநாளும் அந்த உயர்வு நீடிக்கிறது. ஆகவே மறுநாள் மாத்திரை பாதி மூடிய கதவில் போய் முட்டுகிறது. சுவிட்சர்லாந்தில், கர்ப்பிணிகள் அல்லாத, இரும்பு இருப்புக் குறைந்த பெண்களிடம் செய்யப்பட்டு 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு குழுவினர் 14 மாத்திரைகளை நாள்தோறும், மற்றக் குழுவினர் அதே 14 மாத்திரைகளை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தார்கள். முதற்குழுவினரின் உடலில் சேர்ந்தது ஏறத்தாழ 131 மில்லிகிராம், இரண்டாம் குழுவினரின் உடலில் 175 மில்லிகிராம். ஒரு காசு கூடுதலாகச் செலவழிக்காமல் மூன்றில் ஒரு பங்கு மிகுதியாகக் கிடைத்திருக்கிறது!

இதைப் படித்துவிட்டுக் கர்ப்பிணிகள் தாங்களாகவே மாத்திரையைக் குறைத்துவிடக் கூடாது. கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்து தாயின் உடல் ஹெப்சிடினைத் தானே வெகுவாகக் குறைத்துக் கதவை அகலத் திறந்துவைக்கிறது. ஆகவே தாதி சொன்ன அளவே அவர்களுக்குப் பொருந்தும்.

இரும்பு அந்தக் கதவுவரை போய்ச் சேராமல் தடுப்பது நம் வீட்டுத் தேநீர். தேயிலையின் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக் கரையாத பொருளாக்கிவிடுகிறது. தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளிப் பெண்களிடம் நடத்தி 1975இல் வெளியிட்ட ஆய்விலேயே இது தெளிவாகிவிட்டது. விடியற்காலையில் தேநீரோடு மாத்திரையையும் விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடும் பழக்கம் தோட்டங்களில் எத்தனை வீடுகளில் இருக்கிறது! தேநீரை இரண்டு மணி நேரம் தள்ளிவைத்து, எலுமிச்சைச் சாற்றோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும்.

மாத்திரை தின்றால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று அவள் மாமியார் பயமுறுத்தியிருக்கிறார். மலம் கறுப்பாகப் போவது உண்மைதான். அது உறிஞ்சப்படாத இரும்பின் நிறம், பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. குப்பைக்குப் போகும் மாத்திரைதான் நாட்டுக்கு மிக அதிகச் செலவு வைக்கும் மாத்திரை என்பதால், இந்த மூடநம்பிக்கை மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

பல சத்துகள் சேர்ந்த மாத்திரைகளே வீண் என்று நான் சொல்லவில்லை. இரும்பும் ஃபோலிக் அமிலமும் மட்டும் உள்ள மாத்திரையோடு ஒப்பிடுகையில், பல நுண்சத்துகள் கொண்ட மாத்திரை எடைகுறைந்த பிறப்பைச் சுமார் 12 விழுக்காடு குறைக்கிறது என்று 2019இன் தொகுப்பாய்வு காட்டியது. ஊட்டச்சத்துக் குறைபாடு மிகுந்த நாடுகளில் அதன் கூடுதல் விலைக்குத் தக்க பயன் உண்டு. கர்ப்பிணிகளுக்கு எந்த இடைவெளியில் கொடுத்தால் இரும்பு அதிகம் சேரும் என்பதையும் பெரிய அளவில் சோதிக்க வேண்டும். சில காசு விலையுள்ள மாத்திரையில் எந்த நிறுவனத்துக்கும் பெரிய ஆதாயம் இல்லாததால், அந்தச் செலவை அரசாங்கங்கள்தான் ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.

புட்டியை வாங்கவேண்டாம் என்று அவளே முடிவுசெய்துவிட்டாள். முட்டையும் நெத்திலியும் வாங்கிக்கொள்கிறாள். மாத்திரைப் பொட்டலத்தைத் தேயிலை டப்பாவின் பக்கத்திலிருந்து எடுத்து, படுக்கைக்கு அருகே தண்ணீர்ப் புட்டியோடு வைத்திருக்கிறாள்.