கூரை இல்லாத காருக்கு தரைதான் உயிரு: 90ஸ் ஃபோர்டு மஸ்டாங் கன்வெர்டிபிள் வாங்கப் போறவங்களுக்கு

மே மாசம் பொறந்தா போதும், இங்க மிச்சிகன்ல எனக்கு போன் மேல போன். "அண்ணா, ஒரு 95 மஸ்டாங் கன்வெர்டிபிள் பாத்து வெச்சிருக்கேன், செகப்பு கலரு, வி8, ஒரு எட்டு வந்து பாத்து சொல்றீங்களா" (வி8னா எட்டு சிலிண்டர் இன்ஜின், வி6னா ஆறு). பழைய கார் வாங்குறவங்களுக்கு முன்கூட்டியே செக் பண்ணி சொல்றதுதான் என் பொழப்பு. கூப்பிடுறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது இன்ஜின் எப்படி இருக்கும்னுதான். தரை எப்படி இருக்குன்னு கேளு தம்பின்னு நான் சொன்னா, இவருக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சுக்குவாங்க போல, அந்தப் பக்கம் சத்தமே வராது.

ஒரு செருப்பு டப்பாவ எடுத்து மூடியோட முறுக்கிப் பாருங்க, அப்புறம் மூடிய கழட்டிட்டு முறுக்குங்க. கன்வெர்டிபிள் கதை அதேதான். சாதா கார்ல கூரையும் சேந்து பாடிய இழுத்துப் பிடிக்குது, இதுல அது கிடையாது, மொத்த பாரமும் தரை மேலயும் கதவுக்குக் கீழ நீளமா ஓடுற ராக்கர் பேனல் மேலயும்தான். கம்பெனிக்கும் இது தெரியும், அதனாலதான் கன்வெர்டிபிளுக்கு அடியில எக்ஸ்ட்ரா தகடு வெச்சு பலப்படுத்தி அனுப்பினாங்க. ஆனா எங்க ஊர்ல நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் ரோட்ல உப்பு கொட்டுவாங்க, அந்த உப்புத் தண்ணி முதல்ல தின்னுறது அந்த இடத்தைத்தான்.

போன வருஷம் ஒரு தம்பி, ஐடில இருக்காரு, 95 ஜிடி (வி8 வெச்ச மஸ்டாங்) ஒண்ணு காட்டினாரு. பெயின்ட் கண்ணாடி மாதிரி, இன்ஜின் ஸ்டார்ட் பண்ணா அந்த 5.0 சத்தம் (5.0ன்னு பேரு, கணக்குப் போட்டா 4.9 லிட்டர்தான், அது வேற கதை) கேட்டு அவர் முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. நான் கதவ சாத்திட்டு கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்குற சந்த மேல இருந்து கீழ வரை விரலால தடவிப் பாத்தேன், மேல சுண்டு விரல் நுழையுது, கீழ நகம்கூட நுழையல. சரின்னு ஜாக் வெச்சு முன்பக்க ஓரத்த தூக்கினேன், கதவு திறந்துச்சு, திரும்ப சாத்த வரல. நல்ல காரா இருந்தாலும் கன்வெர்டிபிள் கொஞ்சம் இறுக்கும், அது சகஜம், சாத்தவே வராதுன்னா நடுவுல மடங்குதுன்னு அர்த்தம். ஸ்டாண்டு போட்டு கீழ படுத்து (ஜாக்க மட்டும் நம்பி யாரும் கீழ போயிடாதீங்க) துரு பிடிக்காம அடியில பூசுற கருப்பு அண்டர்கோட்டிங்க ஸ்க்ரூடிரைவரால தட்டினேன், டொக் டொக்னு வர வேண்டிய சத்தம் பொத் பொத்னு வந்து கடைசில ஸ்க்ரூடிரைவரே உள்ள போயிடுச்சு. புதுசா அடிச்ச கருப்பு கோட்டிங்க கண்டாலே எனக்கு வயித்த கலக்கும். வித்தவர் "சர்ஃபேஸ் ரஸ்ட்தான் ப்ரோ"ன்னாரு. அந்த தம்பிய இழுத்துட்டு வந்தேன், ரெண்டு வாரம் என்கூட பேசல.

துரு கீழ இருந்து மட்டும் வராது, மேல இருந்தும் வரும், இதத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க. துணிக் கூரையில தையல் விட்டிருந்தாலோ, ஜன்னல் ரப்பர் காஞ்சு போயிருந்தாலோ, பின் சீட்டுக்குப் பின்னாடி கூரை மடங்கி உக்கார்ற பள்ளத்துல தண்ணி வெளிய போற குழாய் இலை தழை அடைச்சிருந்தாலோ தண்ணி நேரா கார்ப்பெட்டுக்கு அடியில போய் நிக்கும், கார்ப்பெட் மேல காஞ்ச மாதிரி இருக்கும், அடியில இருக்குற பஞ்சு மாசக்கணக்குல ஈரமா கிடக்கும். அதனால கார் பாக்கப் போறப்போ நல்லா மழை பெஞ்ச மறுநாள் போங்க, கால் வெக்கிற இடத்துல கார்ப்பெட்ட தூக்கி கைய விடுங்க. கார் உள்ள வாசனை ஸ்ப்ரே தூக்கலா இருந்தா கண்டிப்பா தூக்குங்க.

கூரைய நீங்களே ரெண்டு தடவ ஏத்தி இறக்குங்க, அவங்க பண்ணிக் காட்டுறத பாத்துட்டு வராதீங்க. அது ஹைட்ராலிக், பம்பும் ரெண்டு பக்க சிலிண்டரும் பின் சீட் பக்கம் இருக்கு, ஒரு பக்கம் முந்திக்கிட்டு போனாலோ பின்பக்க பேனல் ஓரத்துல எண்ணெய் கறை இருந்தாலோ பேரத்துல அத வெச்சு குறைங்க. பின் கண்ணாடி துணிய விட்டு விலகி வருதான்னு ஓரமா அமுக்கிப் பாருங்க. இதெல்லாம் காசு குடுத்தா தீர்ற வியாதி, பயப்பட வேண்டாம்.

இன்ஜின் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். 94, 95 ஜிடில பழைய 5.0, 215 குதிரை சக்தி, முரட்டு ஆளு. பின் சஸ்பென்ஷன் கை பாடியில வந்து சேர்ற டார்க் பாக்ஸ்ல மட்டும் விரிசல் பாருங்க, சிக்னல்ல ரேஸ் விட்ட கார்னா அங்க தெரிஞ்சிடும். 96ல இருந்து 4.6, அதுல இன்ஜினுக்கு காத்து போற இன்டேக் மேனிஃபோல்டு பிளாஸ்டிக், முன்னாடி கூலன்ட் போற இடத்துல வெடிக்கும், அலுமினியம் வெச்சது மாத்தியிருக்காங்களான்னு கேளுங்க. 3.8 வி6னா ஹெட் கேஸ்கட் (இன்ஜின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவுல இருக்குற சீல்) போயிடும், வேற என்னத்த சொல்ல. வண்டிய முன்கூட்டியே சூடு பண்ணி வெக்காதீங்கன்னு விக்கிறவங்ககிட்ட சொல்லிட்டு போங்க, ஆறிப்போன இன்ஜின்தான் உண்மை பேசும். மஸ்டாங் வேணாம் செவர்லே கமேரோதான்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு ஒண்ணு, 97 வரைக்கும் வந்த எல்டி1 வி8ல ஸ்பார்க் பிளக்குக்கு கரண்ட் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டர், ஆப்டிஸ்பார்க்னு பேரு, அத வாட்டர் பம்ப்புக்கு அடியில கொண்டு போய் வெச்சிருக்காங்க. பம்ப் ஒழுகினா நேரா அது தலையிலதான். யாரு யோசிச்ச யோசனையோ.

பேப்பர் விஷயத்துலதான் நம்ம ஆளுங்க ரொம்ப ஏமாறுறாங்க. 90ஸ் காருக்கு டைட்டில் (வண்டி யாருதுன்னு சொல்ற பத்திரம்) மாத்தும்போது எத்தனை மைல் ஓடியிருக்குன்னு எழுதிக் குடுக்கணும்னு அமெரிக்க ஃபெடரல் சட்டம் கட்டாயப்படுத்தாது, பழைய வண்டின்னு விலக்கு, அந்த இடத்துல "எக்ஸெம்ப்ட்"னு இருக்கும். அதுக்கும் மேல 98 வரைக்கும் வந்த மஸ்டாங்ல சக்கரம் சுத்துற ஓடோமீட்டர், உள்ள இருக்குற பிளாஸ்டிக் பல்லு உடைஞ்சிட்டா ஸ்பீடு முள்ளு ஜம்முனு வேலை செய்யும், நம்பர் மட்டும் வருஷக்கணக்கா அதே இடத்துல நிக்கும். 62 ஆயிரம் மைல்தான்னு விக்கிறவர் பொய்கூட சொல்லல, மீட்டர் அப்படித்தான் காட்டுது. டெஸ்ட் டிரைவ் ஒரு மூணு மைலாவது போங்க, கடைசி எண்ணு நகருதான்னு பாருங்க, அப்புறம் பிரேக் பெடல் ரப்பரும் டிரைவர் சீட் ஓரமும் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாருங்க, அது பொய் சொல்லாது.

வின் நம்பர்ல (ஒவ்வொரு வண்டிக்கும் இருக்குற அடையாள எண்) பத்தாவது எழுத்து வருஷம், ஆர்னா 94, எஸ்னா 95, டின்னா 96. 5, 6, 7ஆவது இடத்துல பி45ன்னு இருந்தா நிஜமான ஜிடி கன்வெர்டிபிள், பி44னா அது பொறந்தது வி6ஆ. வி6 வாங்கி ஜிடி பேட்ஜ் ஒட்டி விக்கிறது இங்க சர்வ சாதாரணம். திருட்டு வண்டியா, இன்சூரன்ஸ் கம்பெனி சால்வேஜ்னு கழிச்சு விட்டதான்னு என்ஐசிபி (இன்சூரன்ஸ் மோசடிய கண்காணிக்கிற அமைப்பு) வெப்சைட்ல ஓசியாவே பாக்கலாம், ரெண்டு நிமிஷ வேலை.

மே மாசம் வாங்காதீங்க. வெயில் வந்ததும் எல்லாருக்கும் ஆசை வரும், ஆகஸ்ட்ல நடக்குற பழைய கார் ஊர்வலம் உட்வர்ட் ட்ரீம் க்ரூஸுக்குள்ள கையில கார் இருக்கணும்னு அவசரம் வரும், விலையும் ஏறும். நவம்பர்ல குளிர் ஆரம்பிச்சதும் கராஜ்ல இடமில்லன்னு அவங்களே போன் பண்ணுவாங்க.

அந்த தம்பி கடைசில நவம்பர்லதான் வாங்கினாரு, அரிசோனால இருந்து வந்த 98 வி6. டாஷ்போர்டு வெயில்ல பாளம் பாளமா வெடிச்சிருக்கு, பானெட் பெயின்ட் சாம்பல் பூத்த மாதிரி, கூரைத்துணி மாத்தியே ஆகணும். கீழ படுத்து டார்ச் அடிச்சேன், 98ல ஃபோர்டோட டியர்பார்ன் ஃபேக்டரியில இருந்து வந்தப்போ இருந்த தகடு அப்படியே இருந்துச்சு. வாங்குங்க தம்பின்னேன், அவருக்கு வி8 இல்லியேன்னு இன்னும் குறைதான்.