காலியாகத் தெரியும் குப்பி

"அக்கா, இதுல ஒண்ணுமே இல்லையே, காலியா அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டாள் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவி. கையில் சுண்டுவிரல் உயரக் குப்பி. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் அடியில் மெல்லிய வெள்ளைப் படலம் தெரியும். உள்ளே இருந்தது 100 மைக்ரோகிராம் மனிதப் புரதம். அது எந்த மனிதர் உடலிலிருந்தும் எடுத்ததல்ல. பாக்டீரியா செய்து கொடுத்தது.

அதன் பெயர் ஈ.ஜி.எஃப்., தோல் செல்களைப் பெருகச் சொல்லும் வளர்ச்சிக் காரணி. ஸ்டான்லி கோஹன் இதை எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கண்டுபிடித்தார். அந்தச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றிய எலிக்குட்டிகள் வழக்கத்தைவிட முன்னதாகவே கண் திறந்தன. அதைக் கவனித்துத்தான் தேடத் தொடங்கினார். 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது. மனித ஈ.ஜி.எஃப்.பை அந்தக் காலத்தில் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஏகப்பட்ட சிறுநீரைச் சுத்திகரித்தால் துளியூண்டு கிடைக்கும்.

இப்போது அந்த வேலையை ஈ.கோலை என்ற பாக்டீரியா பார்க்கிறது. ஆனால் மனித மரபணுவை அப்படியே அதற்குள் வைத்தால் வேலைக்கு ஆகாது. நம் மரபணுவில் இடையிடையே தேவையில்லாத துண்டுகள் உண்டு. அவற்றை வெட்டி ஒட்ட பாக்டீரியாவுக்குத் தெரியாது. அதனால் வெட்டி முடித்த வடிவத்தையே பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் சேர்த்து உள்ளே அனுப்புகிறோம். பிறகு குடுவையை ஷேக்கரில் வைத்து 37 டிகிரியில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சென்னையின் மே மாத மத்தியானச் சூடுதான் அது. நல்ல உணவு இருந்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். போதுமான அளவு பெருகியதும் ஐ.பி.டி.ஜி. என்ற பொருளைச் சேர்ப்போம். மரபணுவை மூடி வைத்திருந்த பூட்டு அதோடு திறக்கும்; பாக்டீரியா நம் புரதத்தைச் செய்ய ஆரம்பிக்கும்.

அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி தயாராகிவிட்டால் புரதம் தயார் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உண்மையான கஷ்டமே அப்புறம்தான். ஈ.ஜி.எஃப்.பில் இருப்பது வெறும் 53 அமினோ அமிலங்கள். அவற்றில் ஆறு சிஸ்டீன்கள். இவை ஜோடி ஜோடியாகச் சேர்ந்து மூன்று பாலங்கள் போட்டால்தான் புரதத்துக்கு உருவம் வரும். ஆறு பேரை மூன்று ஜோடியாக்க 15 வழிகள் உண்டு. அதில் ஒன்றுதான் சரி. ஈ.கோலையின் உட்புறச் சூழல் இந்தப் பாலங்களைச் சரியாக உருவாக விடாது. பல சமயம் புரதம் உருவமில்லாமல் கட்டி கட்டியாகத் திரண்டு கிடக்கும். அந்தக் கட்டிகளை யூரியாவில் கரைப்போம். வயலுக்குப் போடும் அதே பொருள்தான், இது இன்னும் சுத்தமானது. பிறகு யூரியாவை மெல்ல மெல்லக் குறைக்கக் குறைக்க, சங்கிலி தானே மடிந்து சரியான ஜோடியைத் தேடிக்கொள்ளும். இதில் அவசரப்பட்டால் மறுபடியும் கட்டிதான்.

எல்லாப் புரதத்துக்கும் பாக்டீரியா போதாது. சிவப்பணுவைப் பெருக்கும் எரித்ரோபொய்டினுக்கு மேலே சர்க்கரைக் கிளைகள் வேண்டும். அதற்குப் பாலூட்டிகளின் செல்களைத்தான் நாட வேண்டும்.

சுத்தமும் முக்கியம். ஈ.கோலையின் வெளிச்சுவர்த் துணுக்கு துளி ஒட்டியிருந்தாலும் நோய் எதிர்ப்பு செல்கள் அதைப் பார்த்து உசுப்பேறும். புரதத்துக்கு வந்த விளைவா, அழுக்குக்கு வந்த விளைவா என்று தெரியாமல் மாதக்கணக்கான உழைப்பு வீணாகும். இந்த அழுக்கு எவ்வளவு என்ற சோதனை முடிவை விவரத்தாளில் பார்க்காமல் நான் எந்தக் குப்பியையும் வாங்க மாட்டேன்.

சரி, குப்பி கைக்கு வந்துவிட்டது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே திறக்கக் கூடாது. நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பொடியின் மேல் படிந்துவிடும். அறை வெப்பத்துக்கு வந்ததும் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று சுற்றிப் பொடியை அடியில் இறக்கி, பஃபர் என்ற கரைசலை விட்டு மெதுவாகக் கரைக்க வேண்டும். ஆம்லெட்டுக்கு முட்டை அடிப்பது போல அடித்தால் நுரையில் உருவம் குலையும். கரைத்ததைச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து உறைய வைத்துவிட்டால், திரும்பத் திரும்ப உருக்க வேண்டியிருக்காது.

செல்களை வளர்க்கும் ஊடகத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் போதும். அந்த "காலி" குப்பி பத்து லிட்டர் வளர்ப்பு ஊடகத்துக்கு வரும்.

தோல் செல்கள் பரவிய தட்டில் அந்த மாணவியையே பைப்பெட் நுனியால் ஒரு கோடு கீறச் சொன்னேன். ஒரு தட்டில் ஈ.ஜி.எஃப்., இன்னொன்றில் வெறும் பஃபர். மறுநாள் காலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். பஃபர் தட்டில் கீறல் அகலமாகவே இருந்தது. மற்றதில் இரு கரையிலிருந்தும் செல்கள் நீண்டு வந்து பாதி வழியைத் தாண்டியிருந்தன.